மடியழற்சி: ஒரு பசு கொதிக்கிறது, மற்றப் பசு மௌனமாயிருக்கிறது

இரண்டு மாரிக்கு முன் ஊர்காவற்றுறைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டிலில் இரண்டு பசுக்கள். ஒன்று முதல்நாள் பின்னேரம் வரை நன்றாக மேய்ந்தது. விடியும்போது மடியின் ஒரு பக்கம் கல்லாகி, உடம்பு கொதித்து, தீனைத் திரும்பியும் பாராமல் படுத்துவிட்டது. கறந்தால் வந்தது பாலல்ல, மஞ்சள் தண்ணீர். மிருக வைத்தியர் அன்றே வந்து ஊசி போட்டுச் சேலைனும் ஏற்றினார், மாடு தப்பியது.

அந்த வீட்டு அம்மா எனக்குக் காட்டி முறையிட்டது இந்தப் பசுவையல்ல, மற்றதை. "பாதர், இதுக்குக் காய்ச்சலுமில்லை, வீக்கமுமில்லை. நல்லாத்தான் தின்னுது. ஆனால் மூண்டு மாதமாப் பால் குறைஞ்சுகொண்டே வருது. ஆரோ கண்ணூறு போட்டிட்டினம்" என்றார். அதை விற்றுவிடுவதாகவும் முடிவு செய்திருந்தார். தீவகத்தில் அப்படி விற்கப்படும் மாடு எங்கே போகும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டு பசுக்களுக்கும் வந்தது மடியழற்சிதான். இரண்டுக்கும் காரணம் பற்றீரியாதான். கொதித்த பசுவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்றும், அமைதியாக நின்ற பசுவுக்கு அது நிறைய என்றும் எண்ணத் தோன்றும். உண்மை ஏறக்குறைய நேர்மாறானது. கொதித்த பசுவின் உடல் எதிரியைக் கண்டுகொண்டது. மற்றதன் உடல் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. இது ஏன் என்பதற்கு விடை கலங்களின் உள்ளே, பரம்பரையலகுகள் திறப்பதிலும் மூடுவதிலும் இருக்கின்றது.

பசுவின் உடலிலுள்ள ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் ஒரே டி.என்.ஏ. தான் உண்டு. 2009 ஏப்ரலில் டொமினெற் என்ற ஹியர்ஃபோட் இனப் பசுவின் முழுப் பரம்பரைத் தொகுதியையும் வாசித்து வெளியிட்ட விஞ்ஞானிகள், மாட்டில் குறைந்தது 22,000 பரம்பரையலகுகள் இருப்பதாகக் கணக்கிட்டனர். கோவிலிலுள்ள பூசைப் புத்தகம் ஒன்றேயானாலும் திருநாளுக்கு ஒரு பக்கமும் அடக்கத்துக்கு வேறொரு பக்கமும் திறக்கப்படுவது போல, ஒவ்வொரு கலமும் தன் வேலைக்கும் நேரத்துக்கும் ஏற்ற பரம்பரையலகுகளை மட்டுமே திறக்கின்றது. திறந்த பகுதியை ஆர்.என்.ஏ. என்ற பிரதியாக எழுதியெடுத்து, அதன்படி புரதங்களைச் செய்கின்றது. நோய்க்கிருமி வந்ததும் எந்தப் பக்கங்கள் திறக்க வேண்டும் என்று கலத்துக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்விக்கு விடை பழ ஈயிலிருந்து வந்தது. ரோல் என்ற பரம்பரையலகு பழுதுபட்ட ஈக்கள் பூஞ்சணத்தை எதிர்க்க முடியாமல் இறப்பதை 1996 இல் பிரான்சில் ஜூல் ஹோஃப்மனின் குழு காட்டியது. அதே வகையான வாங்கியொன்றே எலிகளிலும் பற்றீரியாவின் நஞ்சை உணர்கிறது என்று 1998 இல் அமெரிக்காவில் புரூஸ் பொய்ட்லரின் குழு கண்டது. இவ்விருவரும் 2011 இன் நோபல் பரிசைப் பகிர்ந்தவர்களில் அடங்குவர். மாட்டின் மடியிலும் இந்த ரோல் வகை வாங்கிகள் உண்டு. தின்குழியங்களில் மட்டுமல்ல, பால் சுரக்கும் கலங்களின் மேற்பரப்பிலும் அவை காவல் நிற்கின்றன.

சாணத்திலும் சேற்றிலும் வாழும் ஈ.கோலை என்னும் பற்றீரியா காம்புத் துளையால் உள்ளே போனால், அதன் வெளியுறையிலுள்ள நஞ்சை நாலாம் இலக்க ரோல் வாங்கி உடனே பிடித்துக்கொள்ளும். செய்தி கலத்தினுள் கைமாறி, என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தின் கட்டை அவிழ்க்கும். அது கருவுக்குள் நுழைந்து டி.என்.ஏ. யில் குறித்த இடங்களில் ஒட்டிக்கொள்ளும். அத்தோடு சில மணித்தியாலங்களுக்குள் நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகளின் தொழிற்பாடு மாறிவிடும். ஒன்று காய்ச்சலை மூட்டும் புரதத்தைச் செய்யும். இன்டர்லூக்கின் 8 என்ற இன்னொன்று இரத்தத்திலுள்ள வெண்குழியங்களை மடிக்கு அழைக்கும். வேறு சில, பற்றீரியாவின் மென்சவ்வைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்களைச் செய்யும். டிஃபென்சின் எனப்படும் இப்புரதங்களுள் ஒன்று 1991 இல் மாட்டின் மூச்சுக்குழாயிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. இதே வேலையைச் செய்யும் கதெலிசிடின் வகையில் மனிதருக்கு ஒரேயொரு பரம்பரையலகுதான்; மாட்டுக்கோ பத்து. கோடானுகோடி நுண்ணுயிர்களை இரைப்பையில் சுமந்து திரியும் பிராணிக்கு இது பொருத்தமான சொத்துத்தான்.

ஆக, முதற் பசுவில் நாம் கண்ட கொதிப்பும் வீக்கமும் பெரும்பாலும் அதன் சொந்தப் பரம்பரையலகுகள் எழுப்பிய ஆரவாரம். அது அளவு மீறினால் பசுவையே கொன்றுவிடும். ஈ.கோலை மடியழற்சி ஓரிரு நாளில் உயிரைப் பறிப்பது இதனால்தான்.

இரண்டாவது பசுவின் கதை வேறு. அதன் மடியில் இருந்தது ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ். இது பெரும்பாலும் சேற்றிலிருந்து வருவதில்லை. நோயுள்ள இன்னொரு மடியிலிருந்து, கறப்பவரின் கையாலும் துடைக்கும் துணியாலும் வருவது. ஜேர்மனியின் டும்மர்ஸ்ரோர்வ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இதைப்பற்றி 2008 இல் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள். பசுவின் ரோல் வாங்கியைத் தனியே சோதித்தால் அது ஓரியஸை நன்றாக அடையாளம் காண்கிறது. வாங்கியில் பழுதில்லை. ஆனால் பால் சுரக்கும் கலங்களில் அந்தச் செய்தி என்.எஃப். கப்பா பி வரை போய்ச் சேர்வதில்லை. காய்ச்சற் புரதமும் இன்டர்லூக்கின் 8 உம் ஈ.கோலைக்கு எழுந்ததுபோல் விரைந்து எழுவதில்லை. முழு மௌனம் என்று சொல்ல முடியாது, ஒரு முணுமுணுப்பு. அதற்குச் சில வெண்குழியங்கள் வரும், ஆனால் கிருமியைத் துடைத்தெறிய அவை போதா. இதற்கிடையில் ஓரியஸ் கலங்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே எட்டுவது கடினம். பால் சுரந்த இழையம் தழும்பாகிப் போகும்.

மீன்பிடியை அறிந்த எமது மக்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெண்குழியங்கள் சிலவேளை தமது டி.என்.ஏ. யையே வெளியே வலையாக வீசிப் பற்றீரியாவைப் பிடிக்கின்றன. இது 2004 இல் பேர்லினில் கண்டறியப்பட்டது. பாற்கொழுப்பை விழுங்கிக் களைத்துப்போன வெண்குழியங்கள்கூட மடியில் இவ்வலையை வீசக்கூடியவை. ஓரியஸிடம் அந்த வலையை அறுக்கும் நொதியமும் உண்டு.

இந்த டி.என்.ஏ. யைக் கண்ணால் காண ஆய்வுகூடம் தேவையில்லை. கலிபோர்னியாவில் 1957 இல் ஷாமும் நூர்லாண்டரும் உண்டாக்கிய மடியழற்சிச் சோதனை, வெண்குழியங்களைச் சவர்க்காரப் பொருளால் உடைத்து, வெளிவரும் டி.என்.ஏ. பாலைக் கூழாக்குவதைப் பார்ப்பதே. வீட்டுச் சலவைத்தூளாலும் இதைச் செய்யலாம். அரை லீற்றர் தண்ணீரில் 15 கிராம் தூளைக் கரையுங்கள். மடியின் நான்கு அறைகளும் தனித்தனி. ஒன்றின் பால் மற்றதற்குப் போகாது. ஆகையால் நான்கு காம்புகளின் பாலையும் நான்கு கோப்பைகளில் சிறிதளவு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சம அளவு கரைசல் விட்டு, ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றுங்கள். தண்ணீராகவே ஓடினால் நல்லது. இழுபட்டுக் கூழானால் அந்த அறையில் வெண்குழியங்கள் திரண்டிருக்கின்றன. கன்று போட்ட முதல் நாட்களிலும் பால் வற்றும் தறுவாயிலும் நல்ல மடியும் இப்படிக் காட்டக்கூடும். அப்போது செய்து பயப்பட வேண்டாம். சோதித்த பாலை நாய்க்கோ கன்றுக்கோ வைக்காமல் ஊற்றிவிடுங்கள்.

தீவகத்தாருக்கு இது ஏன் முக்கியம்? ஒரு காலத்தில் பசுத்தீவு என்றும் பெயர் வழங்கிய நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில்தான் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை. ஆகவே எந்தப் பசு காத்திருக்கும், எந்தப் பசு காத்திருக்காது என்பதை வீட்டிலேயே அறிய வேண்டியிருக்கின்றது. கொதிக்கும் பசு காத்திருக்காது. அன்றே தொலைபேசியில் வைத்தியரைப் பிடியுங்கள். கொதிக்காத பசு படகு வரும்வரை காத்திருக்கும், ஆனால் சோதித்தாலன்றி அதற்கு நோய் என்றே தெரியாது. 1990 இடப்பெயர்வில் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடி, பல ஆண்டுகளின் பின் திரும்பி ஒற்றைப் பசுவோடு மறுபடி தொடங்கிய குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்கு ஒரு மடி அறையின் இழப்பும் இழப்புத்தான்.

மீந்த ஊசிமருந்தை அயல்வீட்டில் வாங்கித் தாமே ஏற்றும் வழக்கத்தை மட்டும் நான் கடுமையாகவே கண்டிக்கிறேன். ஓரியஸுக்கு அது பெரும்பாலும் எட்டாது. பாலில் மருந்து கலந்து குடிப்பவருக்குத்தான் எட்டும். அந்தப் பாலில் தயிரும் ஒழுங்காக உறையாது. பால் வற்றவிடும் காலத்தில் வைத்தியர் காம்புக்குள் ஏற்றும் மருந்துக்கே பலன் கூட.

கை கழுவ நல்ல தண்ணீரே அரிதான ஊர்களில் கழுவு கழுவு என்று உபதேசிக்க எனக்கும் கூச்சம்தான். தண்ணீர் செலவில்லாத ஒரு வழி உண்டு: கறக்கும் ஒழுங்கை மாற்றுவது. நோயில்லாத பசு முதலில், நோயுள்ளது கடைசியில்; ஒரே பசுவிலும் கூழாகாத காம்புகள் முதலில். ஒவ்வொரு பசுவுக்கும் வெவ்வேறு துணி.

அந்த அம்மா பசுவை விற்கவில்லை. கோப்பையில் கூழைக் கண்டபின் வைத்தியரைக் கேட்டு, வற்றவிட்டு, மருந்து ஏற்றுவித்தார். கன்று போட்டபின் மூன்று காம்புகள் சுத்தமாகிவிட்டன. வலப்பக்கப் பின்காம்பு மட்டும் இன்னமும் கூழாகின்றது. அதைக் கடைசியாக, தனிச் சட்டியில் கறந்து ஊற்றிவிடுகிறார்.