மாற்றுச் சிறுநீரகமும் குடல் வைரஸும்

பேதி என்றால் மோர், கஞ்சி; மறுநாளும் நிற்காவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை. நம் வீட்டு வழக்கம் இது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் இருக்கும் வீட்டில் இந்த வழக்கம் ஆபத்து.

அவருக்கு வரும் பேதியின் காரணங்களில் முக்கியமானது சைட்டோமெகலோ வைரஸ். மருத்துவமனைகளில் சி.எம்.வி. என்பார்கள். இந்தியாவில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது எப்போதோ தொற்றி, சத்தமில்லாமல் உடலில் தங்கியிருக்கிறது. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் விழித்துக்கொள்கிறது. தானம் பெற்ற உறுப்போடும் வந்து சேரலாம். அதிகம் தாக்குவது குடலை: புண், ரத்தப்போக்கு, முற்றினால் குடலில் ஓட்டை.

கண்டுபிடிப்பதும் எளிதல்ல. மைகோபினோலேட்டே பலருக்கு வயிற்றைக் கலக்கும் என்பதால் பழி அதன்மேல் போய்விடும். குடலில் புண் இருக்கும்போதே ரத்தப் பிசிஆர் சோதனையில் வைரஸ் தென்படாமல் போவதுண்டு. கொலோனோஸ்கோப்பி செய்து, சதைத்துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தொற்றிய செல் ஆந்தைக் கண்போல விழித்துக்கொண்டிருக்கும்.

பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. பேதியில் மாத்திரையும் வெளியேறி, டாக்ரோலிமஸ் அளவு குறையும் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. வழக்கமாக அந்த மருந்தின் ஒரு பகுதியைக் குடல்சுவரே சிதைத்துவிடும். சுவர் பழுதானால் மருந்து கூடுதலாக ரத்தத்தில் ஏறுகிறது. ஏற்கெனவே நீர்ச்சத்து வற்றிய உடலில் டாக்ரோ லெவலும் ஏறினால், அடுத்து ஏறுவது, சிறுநீரகம் தடுமாறுவதைக் காட்டும் கிரியேட்டினின்.

சிகிச்சைக்குக் கான்சிக்ளோவிர் ஊசி, பிறகு வால்கான்சிக்ளோவிர் மாத்திரை. குறைந்தது 2 வாரம். அதே மாத்திரையை அறுவைக்குப் பின் 3 முதல் 6 மாதம் தடுப்பாகவும் கொடுப்பார்கள். அதை நிறுத்திய பிறகு வரும் மாதங்களில்தான் கண்காணிப்பு தளரக் கூடாது.

பேதி தரும் இன்னொன்றான நோரோ வைரஸ் வேறு ரகம். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் தீர்வது, உறுப்பு பெற்றவர்களை மாதக்கணக்கில் படுத்தும். அதற்கெனத் தனி மருந்து இல்லை. சானிடைசருக்கும் அது லேசில் அடங்காது, சோப்பும் தண்ணீரும்தான்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைத் தவறாமல் போடுங்கள். அந்த மருந்திலுள்ள வைரஸ் மலத்தில் வெளியேறலாம் என்பதால், ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் 4 வாரம் டயப்பர் மாற்றும் வேலை மட்டும் உறுப்பு பெற்ற தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வேண்டாம். அவர்களுக்கே வயிறு கலங்கினால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே சிறுநீரக மருத்துவரைக் கூப்பிடுங்கள்.