பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

கடையில் வேலை செய்பவருக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரவேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். நாள் முழுக்க நிற்பவர்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று 2021இல் அதற்குத் திருத்தமும் வந்தது. நாமும் ஸ்டூல் வாங்கிப் போட்டோம். ஆனால் விடுமுறையும் இல்லாமல், உட்காரவும் நேரமில்லாமல் நம் வீடுகளிலேயே ஒருவர் உழைத்துக்கொண்டிருக்கிறார். படுத்த படுக்கையாகிவிட்ட பெற்றோரையோ கணவரையோ பார்த்துக்கொள்ளும் பெண்மணிதான் அவர்.

அப்படிப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் ஒரு செவிலியரை இந்த இதழில் வணிகப் பெருமக்களுக்கு அறிமுகம் செய்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "என்னைப் பத்தி எழுத வேண்டாம் அண்ணாச்சி, வேலையைப் பத்தி எழுதுங்க" என்றார். அப்படியே செய்கிறோம்.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே மாத்திரை தரும் திட்டம் என்றுதான் பலரும் அதை அறிவர். படுக்கையில் இருப்போரின் வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சையும், இயன்முறை சிகிச்சையும் அதில் சேர்ந்தவையே. அந்த ஆதரவு சிகிச்சைக்காக வீடு வீடாகச் செல்பவர் இவர்.

நம் உறுப்பினர் ஒருவர் மளிகைக் கடைக்காரர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சங்கத்தின் சார்பில் நாங்கள் மூவர் நலம் விசாரிக்கச் சென்றிருந்தபோதுதான் செவிலியரும் வந்தார். நோயாளியைப் பார்த்து முடித்தபின், அவர் மனைவியை உட்காரவைத்து, "அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார். 170க்கு மேல் இருந்தது. தமக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அந்த அம்மாள் நான்கு மாதமாகச் சாப்பிடவே இல்லை. "இவரு மாத்திரையைக் கொடுக்கிற அவசரத்துல என்னது மறந்தே போச்சும்மா" என்றார். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்படி செவிலியர் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

வாசலில் வந்து எங்களிடம் சொன்னார்: "இவங்க விழுந்துட்டா அந்த வீட்டுல ரெண்டு கட்டில் போடணும் அண்ணாச்சி. எனக்கு ஒவ்வொரு வீட்டுலயும் நோயாளி ரெண்டு பேரு."

அவர் செய்யும் முதல் உதவி கற்றுக்கொடுப்பது. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பு, குதிகால் போன்ற எலும்பு அழுந்தும் இடங்களில் படுக்கைப் புண் வரும். சிவந்துபோன இடத்தைத் தேய்க்கக்கூடாது. புரட்டுவதற்குப் பலத்தைவிட முறைதான் முக்கியம். நோயாளியின் முழங்காலை மடக்கிவைத்து, தோளிலும் இடுப்பிலும் கைகொடுத்துத் தன் பக்கம் உருட்டினால் ஒல்லியான பெண்ணாலும் முடியும். தன் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நிற்கவேண்டும். மூட்டை தூக்கும் நம் சுமைப்பணியாளர்கள் அறிந்த பாடம்தான் இது. உணவை நிமிர்த்தி உட்காரவைத்தே கொடுக்கவேண்டும். பிறகும் அரை மணி நேரம் படுக்கவைக்கக்கூடாது. உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

அடுத்த உதவி, ஓய்வுக்கு வழி செய்வது. அந்த வீட்டில் இரண்டு மகன்களையும் மருமகளையும் உட்காரவைத்துப் பேசி, நேரத்தைப் பங்கு பிரித்துக்கொடுத்தார். மாலை 5 மணி முதல் 7 மணிவரை தந்தையைப் பார்ப்பது மூத்த மகன் பொறுப்பு. அந்த நேரத்தில் அம்மாள் கடைக்குப் போய்க் கல்லாவில் உட்காருகிறார். பற்று வரவு எல்லாம் அவருக்கு அத்துப்படி. பாதி நாள் பூட்டிக்கிடந்த கடைக்குப் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பி வருகிறார்கள். மொத்தக் கடைகளுக்கு இருந்த நிலுவையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டு வருகிறது. அம்மாளின் முகத்தில் தெளிவு வந்திருப்பதை நாங்களே கண்டோம்.

"சில வீட்டுல நான் செய்றது காது கொடுத்துக் கேக்குறது மட்டும்தான். நோயாளி முன்னால அழ முடியாதவங்க எங்கிட்ட அழுவாங்க" என்றார் செவிலியர். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத வேலை.

இந்த விஷயத்தில் அண்டை மாநிலமான கேரளத்திடம் வியாபாரிகள் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பணி, பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர் மக்களின் சொந்தப் பணியாகவே வளர்ந்தது. ஊர்த் தொண்டர்கள் பயிற்சி பெற்று வீடுகளுக்குச் சென்றனர். கடைகளில் உண்டியல் வைத்துச் சில்லறை சில்லறையாகப் பணம் திரட்டினர். 2008இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. பெரிய நன்கொடையாளருக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

நம் உறுப்பினர்களுக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

வீட்டில் படுக்கை நோயாளி இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள். வரும் செவிலியரை வாசலில் நிறுத்திப் பேசாமல் உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். அவர் கேட்கும் விவரங்களை மறைக்காதீர்கள். முதியோர் தொடர்பான உதவிக்கு 14567 என்ற எண்ணும் உண்டு.

கடை ஊழியர் ஒருவர், "அம்மாவுக்கு முடியலை, ஒரு மணி நேரம் முன்னால போகணும்" என்று கேட்டால் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். நம்பிக்கையான ஆளை இழந்து புது ஆளைப் பழக்குவதற்கு ஆகும் செலவு அதைவிடக் கூடுதல்.

நலம் விசாரிக்கப் போகும்போது பழத்தோடு இரண்டு மணி நேரத்தையும் கொண்டுபோங்கள். நோயாளி பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அந்த வீட்டம்மா கோவிலுக்கோ கடைக்கோ போய் வரட்டும், இல்லையேல் சற்றுத் தூங்கட்டும்.

கடைகளில் உண்டியல் வைப்பது பற்றி அடுத்த மாதக் கூட்டத்தில் பேச இருக்கிறோம். வரும்போது உங்கள் தெருவில் படுக்கை நோயாளி உள்ள வீடுகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நோயாளியின் பெயருக்கு நேரே, அவரைப் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள்.