ரூட்டர் வாங்கும் முன் லேப்டாப்பைப் பாருங்கள்

அப்பாவின் பழைய லேப்டாப்பில் இணைய வேகம் போதவில்லை என்று, சென்ற வருடம் 5,000 ரூபாய்க்கு வைஃபை 6 ரூட்டர் ஒன்று வாங்கினேன். வீட்டில் இருப்பது 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. என் லேப்டாப்பில் 90 வந்தது. அப்பாவுடையதில் பழையபடி 40தான். "எதுக்குடா வீண் செலவு?" என்றார். சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு இது தேவையா!

குறை ரூட்டரில் இல்லை. அந்த லேப்டாப்பில் இருந்தது ஒற்றை ஆன்டெனா கொண்ட, 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் 802.11என் கார்டு. வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதன் உச்ச இணைப்பு வேகமே 72 எம்பிபிஎஸ். கைக்குக் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். புது ரூட்டர் பழைய கார்டுடனும் இணையும். ஆனால் கார்டின் வேகத்தில்தான்.

எனவே முதலில் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வைஃபை கார்டின் பெயர் இருக்கும். அதை இணையத்தில் தேடினால் என், ஏசி, ஏஎக்ஸ் இவற்றில் எந்த வகை என்பது தெரிந்துவிடும். ஏசி என்பது வைஃபை 5, ஏஎக்ஸ் என்பது வைஃபை 6. கார்டு ஏசி வகை என்றால் ஏசி ரூட்டரே போதும்.

பெட்டியில் உள்ள 'ஏசி 1200' என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸின் 300, 5 கிகாஹெர்ட்ஸின் 867 இரண்டையும் கூட்டிப் போட்ட கணக்கு அது. உங்கள் லேப்டாப் இவற்றில் ஒன்றில்தான் இணையும். 100 எம்பிபிஎஸ்-க்கு மேற்பட்ட பிளான் என்றால், ரூட்டரில் கிகாபிட் போர்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்பாவின் லேப்டாப்பில் 1,000 ரூபாய் டூயல் பேண்ட் யுஎஸ்பி அடாப்டரைச் செருகினேன். 90 வந்துவிட்டது. பழைய ரூட்டரும் டூயல் பேண்ட்தான் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.