கரிசல் சாலைகள் – 9: தாரைப் பிடித்து நிறுத்தும் நார்

சென்ற வாரம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலையைப் பார்த்தோம். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் உருகிப் போர்த்திக்கொள்ள, அதன்மேல் தார் பற்றிக்கொள்கிறது. இந்த வாரம் தாரில் கலக்கும் நார்; அதன் வேலை வேறு.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சித்திரை வெயிலில் நடந்தவர்களுக்குத் தெரியும். பஸ் நின்று கிளம்பும் இடத்தில் தார் மேலே கசிந்து மினுங்கும், செருப்பில் ஒட்டும். பாரம் ஏற்றிய லாரிகளின் டயர்த் தடம் பள்ளமாகப் பதியும். தாரைக் குறைத்தால் மழைக்கு ஜல்லி பெயரும்; கூட்டினால் வெயிலுக்கு இளகும்.

இந்தச் சிக்கலுக்கு 1960களில் ஜெர்மானியப் பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பெரிய ஜல்லியையே மிகுதியாகப் போட்டு, கல்லோடு கல் முட்டி நிற்கும்படி அடுக்கினார்கள். லாரியின் பாரம் கல்லில் இறங்கும். இடைவெளியைத் தாரும் கல்தூளும் சேர்ந்த கூழ் அடைக்கும். ‘ஸ்டோன் மேட்ரிக்ஸ் அஸ்பால்ட்’ என்பது இதுதான். ஆனால் இதற்குத் தார் கூடுதலாக வேண்டும். பிளாண்டிலிருந்து டிப்பரில் வருவதற்குள் அந்தத் தார் அடியில் வடிந்துவிடும். வடியாமல் பிடித்து வைப்பதற்குத்தான் நார். கலவை ஒரு டன்னுக்கு 3 கிலோ போதும். சோதனையும் எளிது: சூடான கலவையைக் கம்பிக் கூடையில் போட்டு ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்து, கீழே சொட்டிய தாரை நிறுக்கிறார்கள். கலவையின் எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் சொட்டக்கூடாது.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2008இல் இதற்கு விதிமுறை வகுத்தது. நார் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளக்கூடாது, ஈரம் 5 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும், தன் எடையைப்போல் 4 மடங்கு எண்ணெயைக் குடிக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வரும் செல்லுலோஸ் நார்தான் இதற்குப் பேர்போனது. ஆனால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வில் தென்னை நார், கற்றாழை நார், வாழை நார் மூன்றுமே தாரைப் பிடித்து நிறுத்தின. தென்னை நார் முந்தியது.

இத்தனையும் மேல்தோலின் கதை. நம் ஊரில் பாதிக் கேடு அடியிலிருந்து வருகிறது. கரிசல் மழைக்கு ஊதும், கோடைக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். சாலையின் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஓடும் வெடிப்பைப் பாருங்கள். கோடை முற்றினால் அதில் குச்சியை விட்டு ஆழம் பார்க்கலாம். மழை வந்ததும் அதன் வழியே தண்ணீர் இறங்குகிறது, இளகிய கரிசல் ஜல்லிக்குள் ஏறுகிறது, சாலை அமிழ்கிறது. மேலே எத்தனை நார் கலந்தாலும் இது நிற்காது.

அதற்கும் நார்தான் மருந்து. நாரால் நெய்த விரிப்பை மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே விரித்துவிட்டால் இரண்டும் கலக்காது, தண்ணீர் மட்டும் வடியும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1926லேயே பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் தார் ஊற்றிச் சாலை போட்டுப் பார்த்தார்கள். பருத்தி விளைந்த சீமை அது. நம் சீமையும் அதுதானே! இங்கே 2020இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் தென்னை நார் விரிப்புக்கு அனுமதி கிடைத்தது. ஏழு மாநிலங்களுக்கு 1,674 கிலோமீட்டர் ஒதுக்கினார்கள்; அதில் தமிழ்நாட்டின் பங்கு 369. நார் மக்கிப்போகுமே என்பார்கள். மக்கத்தான் செய்யும், ஆனால் தென்னை நாரில் லிக்னின் மிகுதி என்பதால் மெதுவாகவே மக்கும், அதற்குள் மண் இறுகிவிடும்.

என் கணிப்பு இது. தார்க்கலவையில் நார் சேர்ப்பது தூத்துக்குடி லாரிகள் ஓடும் நான்குவழிச் சாலைக்குப் பொருந்தும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமச் சாலைக்கு முதலில் வேண்டியது அடியில் விரிப்பு.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். வேலியோரக் கற்றாழை, பனந்தும்பு, காட்டில் பிடுங்கிப் போட்ட பருத்திமார் என்று இந்த மண்ணிலேயே நாருக்குப் பஞ்சமில்லை. அவற்றையும் தாரில் கலந்து அந்தக் கம்பிக் கூடையில் போட்டுப் பாருங்கள், விரிப்பாகவும் நெய்து பாருங்கள். தேறியதைக் கொண்டு கரிசலில் ஒரு கிலோமீட்டர் போடுங்கள். பக்கத்திலேயே நார் இல்லாமல் ஒரு கிலோமீட்டர். மூன்று ஐப்பசி மழை கழிந்ததும் அளந்து, கணக்கை ஊருக்குச் சொல்லுங்கள்.

(தொடரும்)