எழுத்து தேயும் காலம் – 9: மீண்டும் பெருவிரல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு தேடி வருகிறவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வீட்டில் யார் யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பது. ஏழு வயது நிரம்பியவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் கூடியவர் என்றால் எழுத்தறிவு பெற்றவர். நல்ல வரையறைதான். ஆனால் வந்தவர் ஒரு தாளை நீட்டி ‘இதைப் படியுங்கள்’ என்று கேட்பதில்லை. கேட்க அவருக்கு நேரமும் இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்கிறார், பதிவாகிறது. தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1991-இல் 62.66 சதவீதம், 2001-இல் 73.45, 2011-இல் 80.09 என்று ஏறியது இந்த வழியில்தான்.

இந்தக் கணக்கில் ஏறியவர்கள் இறங்குவதே இல்லை. முப்பது வருடங்களுக்கு முன் ‘தெரியும்’ என்று பதிவானவருக்கு இன்றைக்கும் தெரிகிறதா என்று எந்தப் படிவமும் சோதித்துப் பார்ப்பதில்லை. எழுத்து மறக்கும். ஐந்து வயதில் தொடங்கிப் பட்டம் வரை படித்தவர்களுக்கு இதை நம்பச் சிரமமாக இருக்கும். நாற்பது வயதில் சிலேட்டுப் பிடித்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

1988-இல் தொடங்கப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கம் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே இருந்தது. ஒருவரைக் கற்றவர் என்று சொல்ல வேண்டுமானால் நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனத்துக்குள் என்றால் 35. பார்த்து எழுதுவது நிமிடத்துக்கு 7 சொல், சொல்லக் கேட்டு எழுதுவது 5. இது தொடக்க நிலைக்கான அளவு. அங்கேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 என்றால் ஒரு சொல்லுக்கு இரண்டு விநாடி, பத்துச் சொல் வாக்கியத்துக்கு இருபது விநாடி. எழுத்துக்கூட்டிக் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மனத்தை விட்டுப் போயிருக்கும். தமிழ்ச் சொல்லோ வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு நீளும் சொல். ‘தெரிவிக்கப்பட்டுள்ளவர்களுக்கு’ என்பது கணக்கில் ஒரு சொல். புதிதாகக் கற்றவருக்குப் பதினேழு எழுத்து.

சரளமாகப் படிக்கிறவர் எழுத்துக் கூட்டுவதில்லை. கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. ஒவ்வோர் இடத்திலும் கால் விநாடி போல நிற்கிறது, பழகிய சொல்லை மொத்தமாக எடுத்துக்கொள்கிறது, அடுத்ததற்குத் தாவுகிறது. அந்தப் பழக்கம் வருவதற்கு எத்தனையோ பக்கங்கள் கண்முன்னால் போயிருக்க வேண்டும். ‘அ’ எது, ‘ஆ’ எது என்று தெரிவது சில மாதத்து வேலை. இது பல வருட வேலை. இந்த இரண்டாவது வேலைக்கு நாம் ஏற்பாடே செய்யவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

புதுக்கோட்டையைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும்.

1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கேரளம் முழுவதும். அந்த அலை தமிழ்நாட்டுக்கு வந்தபோது அறிவொளி இயக்கம் என்று பெயர் பெற்றது. அதைப் பெரும் மக்கள் எழுச்சியாக நடத்திக் காட்டிய மாவட்டம் புதுக்கோட்டை. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், வேலை கிடைக்காத இளைஞர்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் என்று தொண்டர்கள் திரண்டார்கள். சம்பளம் கிடையாது. களையெடுத்துவிட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு வந்த பெண்கள் விளக்கடியில் உட்கார்ந்து எழுதிப் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகக் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்ததும் அந்த நாட்களில்தான். சைக்கிள் கதை ஊரறிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார்; அந்தக் கட்டுரை பின்னர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடமாகவும் வந்தது.

அந்தப் பெண்களுக்கு எழுத்து என்றால் முதலில் தங்கள் பெயர். மனுவிலும், கூட்டுறவு வங்கியிலும், பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் மை தடவிய பெருவிரலை அழுத்திவிட்டு, சேலைத் தலைப்பில் அதைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தவர்கள் அவர்கள். பேனாவை வாங்கிப் பெயரைக் கோணல்மாணலாக எழுதிவிட்டு அவர்கள் நிமிர்ந்த தருணத்தைப் பற்றி அறிவொளித் தொண்டர் யாரைக் கேட்டாலும் இன்றும் குரல் தழுதழுக்கப் பேசுவார்கள். எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தன் அறிவொளி அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

இயக்கம் முடிந்தது. கற்றவர்கள் தொடர்ந்து படிப்பதற்காக வளர்கல்வி மையங்கள் வந்தன. சில புத்தகங்கள், ஒரு பாய், ஒரு செய்தித்தாள், சொற்ப மதிப்பூதியத்தில் ஒரு பொறுப்பாளர். யோசனை சரியானதுதான். ஆனால் இயக்கத்தின் வேகத்தில் இருந்த உயிர் இந்த மையங்களுக்கு வரவில்லை. நிதி மெலிந்தது, பொறுப்பாளர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், மையங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

இந்தத் தொடருக்காக அந்த மாவட்டத்தில் சுற்றியபோது ஒரு பேருந்து நிறுத்தத்தில் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அறிவொளியில் படித்தவர். “ரெண்டாம் புத்தகம் முடிச்சுட்டேன் தம்பி, மூணாவதுல பாதி” என்றார் பெருமையாக. இப்போது படிக்கிறீர்களா என்றேன். “பேரு எழுதுவேன். பஸ்ஸு போர்டு படிப்பேன். இப்ப அதுவும் லைட்டுப் போட்டு ஓடுதுல்ல, நான் ஒரு எழுத்தப் புடிக்குறதுக்குள்ள அடுத்த ஊரு வந்துருது.” மின்விளக்குப் பலகையில் எழுத்து வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்காக அது நிற்பதில்லை. பழைய தகரப் பலகை நின்றது.

ஏன் விட்டுப்போயிற்று என்று கேட்டேன். என் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. “படிக்கிறதுக்கு என்னத் தம்பி இருந்துச்சு?” என்று திருப்பிக் கேட்டார்.

அவர் மடியிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ரேஷன் கடையிலிருந்து வந்த குறுஞ்செய்தி. என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். படித்துச் சொன்னேன். அரிசி இத்தனை, சர்க்கரை இத்தனை, பருப்பு இத்தனை. “பருப்பு இந்த மாசம் வரலேன்னாங்களே” என்றார். அன்று அது கடைக்காரரின் தவறா, இயந்திரத்தின் தவறா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்பதற்கான ஆதாரம் அவர் மடியிலேயே இருந்தது என்பது மட்டும் தெரியும். படிக்க ஆள் இல்லாமல் அது அங்கேயே கிடந்தது.

ரேஷன் கடை விற்பனை இயந்திரத்தில் கைரேகை வைக்கும் முறை 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. முதியோர் உதவித்தொகைக்கு வங்கி முகவர் கொண்டுவரும் கருவியிலும் விரல்தான். நூறு நாள் வேலையின் வருகைப் பதிவுக்குக் கைப்பேசிச் செயலியில் படம் எடுப்பது 2023 ஜனவரியில் கட்டாயமானது. போலிப் பெயர்களை ஒழிக்க என்று சொல்லப்பட்ட ஏற்பாடுகள் இவை. அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரு கிராமத்துப் பெண் மாதத்தில் நான்கைந்து முறை பேனா பிடிக்க வேண்டியிருந்த இடங்கள் இவைதான். கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காகவாவது கை பழகிக்கொண்டிருந்தது. இப்போது படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பெருவிரல். எந்தக் கைநாட்டை விரட்ட அத்தனை ஆயிரம் பேர் இரவு இரவாக உழைத்தார்களோ, அது மை இல்லாமல், கண்ணாடித் தகட்டின் மேல் திரும்பி வந்துவிட்டது.

கடிதமும் போயிற்று. வெளிநாட்டில் இருக்கும் மகன் குரல் பதிவு அனுப்புகிறான். அம்மாவும் குரலிலேயே பதில் அனுப்புகிறார். அந்தக் குரலைக் கேட்பதில் உள்ள சந்தோஷத்தைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் எழுத்து பழகுவதற்கு இருந்த மிகப் பெரிய ஆசை அதுதான்: மகன் எழுதியதைப் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லாமல் தானே படிக்க வேண்டும் என்ற ஆசை.

சரி, தேவை போய்விட்டது, வாய்ப்பாவது இருக்கிறதா?

1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. எஸ்.வி. கனகசபை பிள்ளை என்பவர் செய்த வண்டி அது. நூலகத்துறையின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனின் ஊக்கம் அதற்கு இருந்தது. படிக்கிறவர் புத்தகத்தைத் தேடி வராவிட்டால் புத்தகம் அவரைத் தேடிப் போக வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ரங்கநாதனின் விடாமுயற்சியால் 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டத்துக்கு முன்னோடி அது. நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரி வசூலிக்கப்படுவது அந்தச் சட்டத்தால்தான். இன்று அது வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு.

2006 முதல் ஐந்தாண்டுகளில் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எழுந்தன. ஓர் ஊராட்சியையும் விடாமல் நூலகம் கட்டிய அந்தத் துணிச்சலை நான் மனமார மதிக்கிறேன். நடந்தது என்ன? கட்டியது ஊரக வளர்ச்சித் துறை. நூலகத் துறையின் ஊழியர் அங்கே கிடையாது. ஊரில் யாராவது ஒருவரை மிகக் குறைந்த மதிப்பூதியத்தில் நியமித்தார்கள். அவர் நின்றதும் சாவி ஊராட்சி அலுவலகத்து ஆணிக்குப் போனது. அந்த அம்மாவின் ஊரில் நான் பார்த்த கட்டடத்துக்கு வெளியே வாக்காளர் முகாம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சாவியைக் கேட்டு வாங்கித் திறந்தால் உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள், உடைந்த தெருவிளக்குகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரோரம் இரும்பு பீரோவில் புத்தகங்கள் இருந்தன. அட்டை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, பிரித்தால் செல்லரித்த தூள் கொட்டியது. எடுத்துப் பார்த்தவற்றில் பல, தேதி முத்திரை ஒன்றுகூட விழாதவை. பெரிய எழுத்தில், எளிய நடையில், புதிதாகக் கற்றவர் படிக்கும்படி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் தலைவர் வரலாறுகளும்தான் இருந்தன.

எழுத்து மறப்பது பெரியவர்களோடு நிற்பதில்லை. ஏசர் என்ற அமைப்பினர் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. கணக்கெடுப்பு செய்யாததை இவர்கள் செய்கிறார்கள் என்பதால் இந்த எண்களை நான் கூடுதலாக நம்புகிறேன். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்தக் கதையைப் படிக்க முடிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்கு 40 பேர், 2022-இல் 25. இடையில் இருந்தது கொரோனா. ஏறக்குறைய இரண்டு வருடம் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததில், எழுத்துக்கூட்டும் நிலையில் இருந்த பிள்ளைக்கு எழுத்து கைவிட்டுப் போனது. அறிவொளி அம்மாவுக்குப் பல ஆண்டுகளில் நடந்தது பிள்ளைக்கு இரண்டே வருடத்தில் நடந்தது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும், பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று அரசு அடுத்தடுத்து இறங்கியதால் 2024-இல் ஓரளவு மீட்சி தெரிகிறது. வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று பிள்ளையின் நிலைக்கேற்பப் பிரித்திருந்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து, அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு புத்தகம். வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு வரிசை இன்றைக்கு எங்கே இருக்கிறது?

பணக்கார நாடுகளும் இதிலிருந்து தப்பவில்லை. ஓஇசிடி அமைப்பு 31 நாடுகளில் வளர்ந்தவர்களின் வாசிப்புத் திறனைச் சோதித்து 2024 டிசம்பரில் வெளியிட்ட முடிவில், பத்தாண்டுகளில் தெளிவாக முன்னேறியவை பின்லாந்தும் டென்மார்க்கும் மட்டுமே. மற்ற பல நாடுகளில் தேக்கம், அல்லது சரிவு. அங்கெல்லாம் எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்.

மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இப்போது நடக்கிறது. கற்போருக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழும் கொடுக்கிறார்கள். பேரனோடு வந்து தேர்வெழுதும் பாட்டிகளின் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். சான்றிதழ் வாங்கிய மறுவாரம் அந்தப் பாட்டி என்ன படிப்பார் என்ற கேள்வியை அதிகாரிகளிடம் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. பூட்டிய ஊராட்சி நூலகத்தை மாலையில் இரண்டு மணி நேரம் திறக்க ஓர் ஆள். அவருக்கு மரியாதையான சம்பளம். பெரிய எழுத்தில் மெல்லிய புத்தகங்கள் ஐம்பது. ஊராட்சியின் வரவு செலவு, ரேஷனுக்கு வந்த சரக்கின் அளவு, நூறு நாள் வேலையில் பெயர்ப் பட்டியல், இவை அதே சுவரில் பெரிய எழுத்தில் வாரா வாரம். தன் பெயரும் தன் பருப்பும் அதில் இருக்கிறது என்றால் அந்த அம்மா எழுத்துக்கூட்டியாவது படிப்பார், அடுத்த வாரம் கொஞ்சம் வேகமாகப் படிப்பார். அக்டோபர் 2 கிராம சபைக்குப் போகிறவர்கள் வீட்டுவரி ரசீதைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் நூலக வரி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)