கடவுச்சொல்லை அரைக்கும் கணக்கு

2012 ஜூன் மாதம் லிங்க்டுஇன் தளத்திலிருந்து களவுபோன சுமார் 65 லட்சம் கடவுச்சொல் பதிவுகள் இணையத்தில் வெளியாயின. அவற்றில் ஒன்றுகூடக் கடவுச்சொல்லாக இல்லை. எல்லாமே 40 இலக்க நீளமுள்ள, பொருள் விளங்காத சரங்கள். ஆனாலும் சில நாட்களிலேயே பெரும்பகுதி உடைபட்டது.

முறையாக நடத்தப்படும் தளம் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. 'ஹேஷ்' என்னும் கணக்கீட்டுக்குள் அதைச் செலுத்தி, வெளிவரும் சரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அரிசியை மாவாக அரைப்பது போன்ற வேலை இது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே கிரைண்டரில் போட்டால் அதே மாவுதான் வரும். பயனர் மறுபடி வரும்போது, அவர் தந்த சொல்லைத் தளம் அரைத்துப் பார்க்கும். இரண்டு மாவும் ஒத்துப்போனால் கணக்கு திறக்கும். ஒரே ஒரு அரிசி மாறினாலும் மாவு முழுக்க வேறாகிவிடும் என்பதுதான் இந்தக் கிரைண்டரின் அதிசயம்.

திருடனிடமும் அதே கிரைண்டர் உண்டு. '123456' போல மக்கள் அதிகம் வைக்கும் சொற்களை அவன் முன்கூட்டியே அரைத்து அடுக்கி வைத்து, களவாடிய மாவோடு ஒப்பிடுவான். ஒரே சொல்லை ஆயிரம் பேர் வைத்திருந்தால் ஆயிரம் கணக்குகளும் ஒன்றாக உடையும்.

இதைத் தடுப்பது உப்பு. கணக்குக்குக் கணக்கு வேறுபடும் தற்செயலான எழுத்துகளைச் சேர்த்து அரைப்பதற்குத் துறையில் வழங்கும் பெயரே அதுதான். அரிசி ஒன்றானாலும் உப்பு வேறானால் மாவும் வேறு. உப்பு ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. திருடன் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக அரைத்தாக வேண்டும் என்பதே பலன். அடுத்த தடை வேகக் குறைப்பு. 1999இல் வந்த பிகிரிப்ட், 2015இல் சர்வதேசப் போட்டியில் வென்ற ஆர்கான்2 ஆகிய ஹேஷ் முறைகள் வேண்டுமென்றே மெதுவாக அரைப்பவை. பயனருக்கு அது கண்ணிமைக்கும் நேரம். கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதிப்பவனுக்கோ ஆண்டுக்கணக்கு.

லிங்க்டுஇன் அப்போது உப்பும் சேர்க்கவில்லை. அது பயன்படுத்திய ஷா-1 என்னும் ஹேஷ் முறை வேகத்துக்காக உருவானது. இத்தனைக்கும் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் அமைப்புக்காக உப்பு, மெதுவான அரைப்பு இரண்டையும் 1979இலேயே விளக்கி எழுதிவிட்டார்கள்.

ஆகவே 'ராணுவத் தரப் பாதுகாப்பு' என்ற விளம்பரத்தை மதிக்கத் தேவையில்லை. கடவுச்சொல் எப்படி அரைக்கப்படுகிறது என்பதை அது சொல்வதில்லை. அதைவிட நல்ல சோதனை உண்டு. கடவுச்சொல் மறந்துவிட்டது என்றதும் ஒரு தளம் பழைய சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பினால், அங்கே எதுவும் அரைக்கப்படவில்லை. நல்ல தளம் புதிய சொல்லை வைக்கத்தான் வழி தரும். வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருக்கும் சிறு நிறுவனங்களும் சொந்தமாக முறை கண்டுபிடிக்காமல் ஆர்கான்2 போன்ற சோதிக்கப்பட்ட ஒன்றையே பயன்படுத்த வேண்டும்.

பயனரின் பங்கும் உண்டு. எவ்வளவு மெதுவாக அரைத்தாலும் '123456' முதல் ஊகத்திலேயே அகப்படும். ஓரிடத்தில் உடைந்த சொல்லைத் திருடர்கள் மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். கணக்குக்கு ஒன்றாக நீளமான கடவுச்சொற்களை வையுங்கள். நினைவில் வைக்க முடியாதவற்றைக் கடவுச்சொல் மேலாளர் செயலியிடம் விடுங்கள். மற்றக் கணக்குகளின் சாவியெல்லாம் வந்துசேரும் மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.