காளான் தந்த காப்புப் பொருள்

கல்லூரியில் பயிலும் என் தமக்கை மகள் சென்ற வாரம் ஒரு முகப்பூச்சுக் குப்பியை என் கையில் கொடுத்தாள். தாவரத்தையும் காளானையும் புளிக்கவைத்து எடுத்த சாறு, முதுமையைத் தடுப்பது என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. "மாமா, புளித்த மாவை இட்லியாக வார்க்கலாம், முகத்தில் பூசலாமா?" என்றாள். கேள்வி கேலியாயினும் விடை கேலிக்குரியதன்று.

நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைக் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள பிராணவாயுவின் வேலை அது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் படும்போது, நம் தோலிலும் பிராணவாயு அடங்காத வடிவம் கொண்டு உயிரணுக்களைத் தாக்குகிறது. அதை அடக்கும் பொருள்களையே ஆன்டி ஆக்ஸிடன்ட் என்கிறார்கள். வைட்டமின் சி அத்தகையது. ஆனால் அதுவே காற்றுப்பட்டு விரைவில் பழுப்பாகிக் கெட்டுவிடும். காவற்காரனே களவு போனால் என் செய்வது?

1909-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருந்தியலாளர் சார்ல் தான்ரே, ரை என்னும் தானியக் கதிரைப் பற்றும் எர்காட் பூஞ்சணத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அப்பூஞ்சணம் கலந்த ரொட்டியை உண்டு, கைகால் அழுகி மாண்டோர் ஐரோப்பாவில் பலர். நஞ்சின் இருப்பிடத்திலேயே இந்த நற்பொருளும் இருந்தது! எர்கோதயோனீன் என்பது அதன் பெயர். கந்தகம் ஏறிய அமினோ அமிலம் அது. அக்கந்தகம் எளிதில் காற்றுக்கு இரையாகாத வடிவில் அமைந்திருப்பதால் நெடுநாள் கெடாது.

மனித உடல் இதனை ஆக்க அறியாது. தாவரங்களும் அறியா, மண்ணிலுள்ள பூஞ்சணங்களும் சில பாக்டீரியாக்களும் ஆக்கியதையே வேரால் உறிஞ்சுகின்றன. ஆகவே, குப்பியில் தாவரத்தின் பெயர் முன்னே நின்றாலும், இப்பொருளைப் பொறுத்தவரை புகழ் காளான் இனத்துக்கே உரியது. சிப்பிக் காளானில் இது மிகுதி. ஆக்கத் தெரியாத நம் உடலில், இதனை உள்ளே ஏற்பதற்கென ஒரு புரத வாயில் இருப்பதை 2005-இல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தோலின் உயிரணுக்களிலும் அவ்வாயில் உண்டு. வேண்டாத விருந்தினருக்கு யாரும் வாயில் வைப்பதில்லை அல்லவா?

புளிக்கவைப்பது எதற்கு? காளானின் செல்சுவரில் கைட்டின் இருக்கிறது; நண்டின் ஓட்டிலும் இருப்பது அதுவே. நுண்ணுயிர்களின் நொதிகள் அத்தகைய சுவர்களையும், தாவரங்களின் பெரிய மூலக்கூறுகளையும் சிறிதாக வெட்டி, உள்ளிருப்பதை விடுவிக்கின்றன. பூஞ்சணங்களைத் தொட்டிகளில் வளர்த்து எர்கோதயோனீனையே தனியாகப் பிரித்தெடுப்பதும் உண்டு.

ஆனால், சோதனைக் குழாயில் வென்றது முகத்திலும் வெல்லும் என்பது உறுதியன்று. இறந்த செல்களும் கொழுப்பும் சேர்ந்து தோலின்மேல் ஒரு மதில் எழுப்பியுள்ளன. நீரில் கரையும் இப்பொருள் அம்மதிலைக் கடப்பது எளிதன்று. அளவும் போதுமானதாய் இருத்தல் வேண்டும். குப்பியின் பின்புறத்தில், மிகுந்தது முன்னும் குறைந்தது பின்னுமாகச் சேர்க்கைப் பொருள்களை எழுதுவது வழக்கம். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்தவை மட்டும் எவ்வரிசையிலும் வரலாம்.

நாங்கள் இருவரும் குப்பியைத் திருப்பிப் பார்த்தோம். முதலில் நீர் நின்றது. காளான் சாறோ, வாசனைப் பொருளுக்கும் நிறப்பொருளுக்கும் பின்னால், கடைசி வரியில் ஒதுங்கியிருந்தது. மறுநாள் அவள் கடையிலிருந்து சிப்பிக் காளான் வாங்கி வந்தாள். "இதற்குப் புளிக்கரைசல் விட்டால் போதும், மாமா!" என்று சொல்லிக்கொண்டே சமையற்கட்டுக்குள் போனாள்.